பணம் வந்துவிட்டது: ஒரு நன்றி மடல்

நண்பர்களே,

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் குடியேறிகளுக்கு உதவும் எங்கள் சின்ன அமைப்புக்கு நகர மன்றம் ஒதுக்கி, மாதக்கணக்கில் வராமல் இருந்த பணம் வந்துவிட்டது. வங்கிக் கணக்கில் பார்த்ததும் நம்ப முடியாமல் எங்கள் இயக்குநரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அலுவலகத்தை மூட வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் இருப்பார்கள், செவ்வாய்க்கிழமை ஆங்கில வகுப்பும் நடக்கும். என்ன நடந்தது என்பதை மறுபடி எழுதப் போவதில்லை. இத்தனை மாதமாக என் புலம்பலைக் கேட்டவர்களே நீங்கள்தான்.

ஆனால் உங்களில் பலர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "நகர மன்றம் ஒதுக்கிய பணம் இருக்கும்போது எங்களிடம் எதற்குக் கேட்கிறீர்கள்?" நியாயமான கேள்வி. நியூயார்க்கின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. 51 உறுப்பினர்கள் கொண்ட மன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றும்போது எந்த அமைப்புக்கு எவ்வளவு என்ற நீண்ட பட்டியலும் வெளிவரும். நம் பெயர் அதில் இருந்தால் எல்லோரும் வாழ்த்துவார்கள். ஆனால் கைக்கு எதுவும் வராது. தகுதி சரிபார்க்க வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், காப்பீட்டுச் சான்று தர வேண்டும், கடைசியில் நகரத்தின் கணக்குகளைக் கவனிக்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அப்புறமும் பெரும்பாலும் நாம் செலவு செய்து, ரசீதைக் காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். சேமிப்பு உள்ள பெரிய அமைப்புகள் தாக்குப்பிடிக்கும். பிராங்ஸில் ஒரு மாடியில் இரண்டு அறைகளில் மேற்கு ஆப்பிரிக்கக் குடியேறிகளுக்காக இயங்கும் எங்களைப் போன்றவர்கள் எதை எடுத்து முதலில் செலவு செய்வது? கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியோடுதான் தினமும் படுக்கப் போனேன். எங்கள் கோப்பு எந்த மேசையில் தூங்கியது என்பதை இங்கே எழுதவில்லை. விடுங்கள்.

இப்போது, அந்த நேரத்தில் எங்களுக்குக் கை கொடுத்த ஒரு அம்மாவைப் பற்றி.

கினி நாட்டு லாபே பக்கத்திலிருந்து வந்தவர். ஹார்லெமில் ஒரு கடையில் முடி பின்னுகிறார், நாள் முழுக்க நின்றபடி. எங்கள் ஆங்கில வகுப்பில் கடைசி வரிசை. வாய் திறந்து அதிகம் பேசி நான் பார்த்ததில்லை. அந்தக் கடைப் பெண்களும் அக்கம்பக்கத்தவர்களும் சேர்ந்து தொந்தீன் போடுகிறார்கள். நம் ஊர்ச் சீட்டுதான், ஆனால் ஏலமும் தள்ளும் கிடையாது, முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வார்கள். அந்த மாதம் அவர் முறை. அந்தப் பணத்தில் கடையில் சொந்தமாக ஒரு நாற்காலியை வாடகைக்கு எடுப்பதாக இருந்தார். அதை அப்படியே ஒரு உறையில் போட்டு எங்கள் இயக்குநர் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

இயக்குநர் வாங்க மறுத்தார். உதவி கேட்டு வருகிறவர்களிடமே கை நீட்டக் கூடாது என்பது அவர் கொள்கை, எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார். அவர் பேசுவது கினியில் பேசப்படும் புலார் மொழி. மொழிபெயர்த்தவரோ இரண்டு மாதமாகச் சம்பளம் கிடைக்காத எங்கள் மொழிபெயர்ப்பாளர். தன் சம்பளத்துக்கான வாதத்தைத் தானே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டிய நிலை, பாவம். அந்த அம்மா சொன்னதைத் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "புகலிட அதிகாரியிடம் எனக்கு நேர்காணல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரை நான்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். இவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் நான் யாரோடு போவேன்? இது தானம் இல்லை."

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. 2017-ல் நகரம் போட்ட சட்டப்படி முக்கிய ஆவணங்கள் 10 மொழிகளில் கிடைக்க வேண்டும். பிரெஞ்சும் அரபும் உண்டு, வங்காளமும் உருதும் உண்டு. புலார் இல்லை, செனகல்காரர்கள் பேசும் வொலோஃப் இல்லை. (தமிழும் இல்லை, அது வேறு கதை.) அந்த ஒரு மனிதர் போனால் அவரோடு எத்தனை பேருடைய வழக்கு நிற்கும் என்று அந்த அம்மா எங்களுக்கு முன்பே கணக்குப் போட்டிருந்தார்.

நிர்வாகக் குழுவில் வைத்து, கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டோம். வட்டி என்ற பேச்சையே அவர் எடுக்க விடவில்லை, மார்க்கத்தில் கூடாது என்றார். தன் சீட்டு நோட்டில் எங்கள் பெயரையும் குறித்துக்கொண்டார். எழுத்து ஆத்லம், 1989 வாக்கில் கினியில் பாரி என்ற குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் சிறுவர்களாக இருந்தபோது தங்கள் மொழிக்காக உருவாக்கிய எழுத்து. வலமிருந்து இடமாக ஓடுகிறது. எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. கணக்கு எழுதியே காலம் தள்ளுகிறவன், முதல் தடவையாக எனக்குப் படிக்கத் தெரியாத நோட்டில் கடன்காரனாக நின்றேன்.

நகரத்துப் பணம் வந்ததும் நாங்கள் எழுதிய முதல் காசோலை அவருக்குத்தான். நாற்காலி இன்னும் காலியாக இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து ஒரே மூச்சில் நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: குவீன்ஸ், எடிசன் நண்பர்கள், வாடகைக்குப் பொறுத்த வீட்டுக்காரர், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து எங்களுக்காகப் பேசிய இமாம், காப்பீட்டுச் சான்றை ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தி அனுப்பிய முகவர், வேர்க்கடலைக் குழம்பும் சோறும் அனுப்பிய செனகல் உணவகம், எத்தனை தடவை கூப்பிட்டாலும் எரிச்சல் காட்டாமல் போனை எடுத்த மன்ற உறுப்பினர் அலுவலகத்துப் பெண்.

2024 ஏப்ரல் 16 அன்று, கறுப்பினக் குடியேறிகளின் நிலை பற்றி மன்றம் நடத்திய விசாரணைக்கு 1,000 பேருக்கு மேல் திரண்டு வந்து நகர மன்றத்துக்கு வெளியே நின்றார்கள். பெரும்பாலும் கினிக்காரர்கள். அவ்வளவு பேரை வாசலில் பார்த்த பிறகும், அவர்களுக்காக வேலை செய்யும் சின்ன அமைப்புகள் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பது சரியில்லை. முடி பின்னுகிற ஒருவரின் சீட்டுப் பணத்தில் நகரத்தின் வேலை நடந்தது என்பதை நினைக்கும்போது நன்றியோடு கோபமும் வருகிறது. வரும் மார்ச்சில் பட்ஜெட் விசாரணை நடக்கும்போது நான் போய்ப் பேசப் போகிறேன். பேசக் கொடுக்கும் சில நிமிடங்களில் ஒரே கோரிக்கைதான்: சின்ன அமைப்புகளுக்கு ஒரு பங்கையாவது முன்பணமாகக் கொடுங்கள்.

உங்கள் நன்கொடைக்கான வரி ரசீதுகள் இந்த வாரம் தபாலில் வரும். முகவரி மாறியவர்கள் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள்.