அரையும் மூன்றில் ஒன்றும்

ஆனையூர், மதுரை
ஜனவரி 8

அன்புள்ள மல்லி,

தீபாவளிக்கு நீ போட்ட கடிதத்துக்குப் பொங்கல் நெருங்கும்போது பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டு. இங்கே எல்லாரும் சுகம். மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சின்னவன் அதே வால். குடை டீச்சரை மாட்டுத்தாவணியில் பார்த்தேன், முதலில் உன்னைத்தான் விசாரித்தார். அந்த ஜாமெட்ரி பாக்ஸை அவர் இன்னும் மறக்கவில்லைடி!

நான் எழுத உட்கார்ந்தது பெரியவளுக்காக. இந்த வருஷம் பத்தாவது. காலாண்டில் கணக்கில் 78, அறிவியலில் எழுத்துத் தேர்வு 75-க்கு 52. உங்க அண்ணனுக்கு அது போதவில்லை. டியூஷன் வை, தொண்ணூறைத் தாண்டணும் என்று ஒரே பிடி. தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் அவளுடைய கணக்கு ஆசிரியரிடமே போய்க் கேட்டேன். "கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவும்மா, 2009-ல போட்டது. பள்ளிக்கூட வாத்தியார் தனியா டியூஷன் எடுக்கக் கூடாது. சந்தேகம்னா மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல வரச் சொல்லுங்க, காசு வேண்டாம்" என்றார். எவ்வளவு நல்ல மனுஷன்! ஆனால் இவள் போகவே இல்லை. இவள் என்ன உன்னை மாதிரியா, வாத்தியாரை வழிமறித்துக் கேள்வி கேட்க?

அடுத்து ஊரெல்லாம் பேர் சொல்லும் ஒரு டியூஷன் சென்டர். வாசலில் 'சென்டம் உறுதி' என்று ஆளுயர போர்டு. உள்ளே ஒரே ஹாலில் முழங்காலோடு முழங்கால் இடிக்க அறுபது பிள்ளைகள். மைக் வைத்துப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பையன் காலேஜில் மூன்றாம் வருஷம் படிக்கிறவனாம். ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கென்று விதிமுறை சொன்னதே, அந்தப் பேப்பரை என் தம்பி வெட்டி வைத்திருந்தான். பட்டம் முடிக்காதவர் பாடம் நடத்தக் கூடாது, மார்க்குக்கும் ரேங்குக்கும் உத்தரவாதம் கொடுக்கக் கூடாது, 16 வயது நிரம்பாத பிள்ளையைச் சேர்க்கக் கூடாது, ஒரு பிள்ளைக்கு ஒரு சதுர மீட்டராவது இடம் வேண்டும். இத்தனையும் அதில் இருக்கிறது. இதில் ஒன்றையாவது அந்த ஹாலில் மதித்தார்களா? கட்டணத்தைக்கூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பிறகு வீட்டுக்கே வருகிற ஒருவர், மணிக்கு நானூறு ரூபாய். வந்தார், நோட்டில் விடையை எழுதினார், இவள் பார்த்து எழுதினாள், போய்விட்டார். பத்து நாளில் நிறுத்தினேன்.

கடைசியில் பூக்கார அக்கா சொல்லித்தான் கூடல் நகர் மிஸ்ஸைத் தெரிந்தது. எம்.எஸ்ஸி. இயற்பியல், பி.எட். பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அம்மா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டு ஹாலில் ஆறே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சுவரிலேயே கரும்பலகைப் பெயின்ட் அடித்திருக்கிறார். இரண்டு பாடத்துக்கும் சேர்த்து மாசம் ஆயிரத்து ஐந்நூறு.

முதல் நாள் என்னையும் உட்காரச் சொன்னார். இவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். மல்லி, பத்தாம் வகுப்பில் 78 வாங்கின பிள்ளை 2/5 என்று எழுதினாள். மேலே உள்ள இரண்டையும் கூட்டி, கீழே உள்ள இரண்டையும் கூட்டி. எனக்குக் காது அடைத்துப்போனது. மிஸ் கோபப்படவே இல்லை. "அரையோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரைக்குக் கீழ எப்படிம்மா போகும்?" என்று மட்டும் கேட்டார். இவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அழுதாள்.

இத்தனைக்கும் விகிதமுறு கோவைகளை, அதுதான் x, y வருகிற பின்னங்களை, கூட்டும்போது மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) எடுத்துக் கடகடவென்று போடுகிறவள் அவள். புத்தகத்தில் இருந்த கணக்கை அப்படியே நெட்டுருப் போட்டிருக்கிறாள். ஓர் எண்ணை மாற்றிக் கொடுத்தால் கை நின்றுவிடும். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படித்தானாம். அவளே சொன்னாள். தினமும் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, 'ஒப்பிச்சியா, ஒப்பிச்சியா' என்று கேட்டது நான்தானே? நாலு வருஷமாகப் பிள்ளை பயந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லைடி.

மிஸ் ஒரு கடலைமிட்டாய்ப் பாளத்தை ஆறு துண்டாக உடைத்தார். பாதி என்றால் மூன்று துண்டு, மூன்றில் ஒன்று என்றால் இரண்டு துண்டு, சேர்த்தால் ஆறில் ஐந்து. மிச்சத் துண்டு சின்னவன் வாய்க்குள் போனது. ஒரு மாசம் பின்னம்தான், ஆறாம் வகுப்பு ஏழாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்து வைத்து.

ஒளியியல் பாடத்தை நடத்தினதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பூதக்கண்ணாடியைப் பிடித்து, தெருவில் நிற்கிற வேப்பமரத்தைத் தலைகீழாகச் சுவரில் விழவைத்தாராம். இவள் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாமாவின் படிக்கிற கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டாள். எதிர்த்த வீட்டு மொட்டைமாடி வாட்டர் டேங்க்கைக் கொண்டுவந்து ஒரு வெள்ளைத்தாளில் இறக்கிவிட்டாள்! குட்டியாக, தலைகீழாக. சின்னவனை ஸ்கேல் பிடிக்கச் சொல்லி, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் எவ்வளவு என்று அளந்தாள், நாற்பது சென்டிமீட்டர் சொச்சம். அப்புறம் அதை 0.4 மீட்டர் என்று மாற்றி, 1-ஐ 0.4-ஆல் வகுத்து, "தாத்தா, உங்க பவர் ரெண்டரை" என்றாள். மாமா கண்ணாடிக் கடைச் சீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தால் பிளஸ் 2.5! அவர் அந்தச் சீட்டை வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார். குவிலென்ஸ், குவியத் தொலைவு, டயாப்டர் என்று நாம் மனப்பாடம் செய்தோமே, ஒரு நாளாவது ஒரு கண்ணாடியை வெயிலில் காட்டினோமா?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரையாண்டு பேப்பர் திங்கட்கிழமை கொடுத்தார்கள். அறிவியலில் 52 இருந்தது 64 ஆகியிருக்கிறது. கணக்கில் 78 இருந்தது 61 ஆகிவிட்டது.

உங்க அண்ணன் பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில், "அந்த சென்டர்லயே சேத்துவிடு, மார்ச்சுல பரீட்சை" என்றுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். அவர் பயமும் நியாயம்தான். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். வரைபடம் எட்டு, செய்முறை வடிவியல் எட்டு, அந்தப் பதினாறும் முழுசாக இருக்கிறது. ஒரு மார்க் கேள்வி 14-இல் 12 சரி. போனதெல்லாம் ஐந்து மார்க் கணக்குகளில். மூன்று கணக்கைத் தொடவே இல்லை, நேரம் போதவில்லை. மற்றதில் பாதி வரை சரியாக வந்து சறுக்கியிருக்கிறாள். "இதுல ஒண்ணுகூட நெட்டுரு இல்லம்மா. எல்லாம் அவளா யோசிச்சுப் போட்டது. வேகம் வர்றதுக்கு நாள் வேணும். ஆனா எத்தனை மார்க்குன்னு இப்பவே எழுதிக் கொடுக்க என்னால முடியாது" என்றார்.

எழுதிக் கொடுக்க மாட்டேன் என்றாரே, அதனால்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை. பிள்ளையும் இப்போதெல்லாம் கணக்கு நோட்டைத் தானாகத் திறக்கிறாள். தப்பாக வந்தால் அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொரு தரம் போடுகிறாள். இந்த நேரத்தில் அவளைப் பிடுங்கி அந்த ஹாலில் உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஜனவரி பணத்தையும் மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன். உங்க அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

நீதான் அவரிடம் பேசவேண்டும். நான் சொன்னால் 'உனக்கு ஒண்ணும் தெரியாது' என்பார், நீ சொன்னால் 'ஆமாம்மா, ஆமாம்மா' என்று கேட்டுக்கொள்வார், அது கல்யாணத்தன்றைக்கே தெரிந்த கதைதானே. ஞாயிற்றுக்கிழமை கடை மத்தியானத்தோடு சரி. நாலு மணிக்கு மேல் போன் பண்ணு. சாப்பிட்டுப் படுத்து எழுந்திருப்பார், நல்ல மனநிலையில் இருப்பார். முதலில் மாமா கண்ணாடிக் கதையைக் கேள், அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அதற்குப் பிறகு 61-ஐ எடு.

உன் பையன் போன வருஷம் போட்டுப் பார்த்த கணக்கு மாதிரி வினாத்தாள் கட்டு இருந்தால் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா. விடை எழுதாததாகப் பார்த்து எடு.

உன்,
ஜோதி