வேலூர்க் கல்லூரி முதல்வர்களுக்கு: ஓ.டி. கொடுப்பதோடு கடமை முடிவதில்லை

பெருமதிப்பிற்குரிய கல்லூரி முதல்வர்களுக்கும் துறைத்தலைவர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் வணக்கம்.

வேலூரில் இளங்கலை இயற்பியல் படித்துக்கொண்டே பளுதூக்கும் போட்டிகளில் முதலில் கல்லூரிக்காகவும், பின்னர் பல்கலைக்கழக அணிக்காகவும் கலந்துகொண்டவள் நான். பட்டம் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் பயிற்சிக்கூடத்தில் இன்று பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள், அன்று நான் பட்ட அதே சிக்கலைச் சொல்லிப் புலம்புவதால் இம்மடலை எழுதுகிறேன்.

பளுதூக்குதல் நம் ஊருக்குப் புதிதன்று. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியின் 77 கிலோ உடல் எடைப் பிரிவில், ஸ்னாட்ச்சில் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) 149 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது) 179 கிலோவுமாக மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் அதே பிரிவில் தங்கத்தைத் தக்கவைத்தார். நான் கேட்ட விளையாட்டு விழா உரைகளில் அவர் பெயர் வராதது அரிது. அந்தப் பெருமையில் பங்கு கொள்ளும் கல்லூரிகள், பதக்கத்துக்காக ஊர் ஊராகப் போய்வரும் மாணவரின் படிப்புக்கு என்ன செய்கின்றன என்பதே என் கேள்வி.

போட்டிக்குப் போனால் ஓ.டி. (ஆன் டியூட்டி, அதாவது வராத நாட்களையும் வந்ததாகக் கணக்கிடும் அனுமதி) தருகிறீர்கள், அதில் குறையில்லை. அது 75 விழுக்காடு வருகைப்பதிவைக் காப்பாற்றுகிறதே தவிர, நடந்து முடிந்த பாடத்தைத் திருப்பித் தருவதில்லை. ஆய்வகத்தில்தான் இது நன்றாகத் தெரியும். ஸ்பெக்ட்ரோமீட்டர் (ஒளியின் நிறமாலையை அளக்கும் கருவி) சோதனை நடந்த வாரத்தில் நான் வெளியூரில் இருந்தேன். திரும்பி வந்தபோது எங்கள் பேட்ச் அடுத்த சோதனைக்குப் போய்விட்டது. தோழியின் ரெக்கார்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம். ஆனால் செய்முறைத் தேர்வில் அதே கருவி முன்னால் வந்து நிற்கும்போது, தொலைநோக்கியைச் சரிசெய்து பட்டகத்தை எந்த நிலையில் வைப்பது என்பதைக் கை அறிந்திருக்காது. ஓ.டி. படிவத்தில் இதற்கென ஒரு கட்டமும் இல்லை.

அக மதிப்பீட்டுத் தேர்வு தவறும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. என் விஷயத்தில் ஒரு பேராசிரியர் மதிய இடைவேளையில் தனியாக வினாத்தாள் தந்து எழுத வைத்தார். இன்னொருவர், மறுதேர்வு வைக்க விதியில் இடமில்லை என்று சொல்லிப் பூஜ்யம் போட்டார். இரண்டாமவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை, ஏனெனில் அவர் சொன்னதுபோல, மறுதேர்வுக்கென எழுதப்பட்ட விதி உண்மையிலேயே இருக்கவில்லை. ஒரே கல்லூரியில், ஒரே போட்டிக்குப் போய்வந்த மாணவியின் மதிப்பெண் ஆசிரியரின் மனத்தைப் பொறுத்து மாறுவது முறையா?

எங்கள் விளையாட்டில் உடல் படும் பாட்டையும் நீங்கள் அறிய வேண்டும். போட்டி தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன் எங்கள் உடல் எடையைப் பார்ப்பார்கள். பிரிவின் அளவைச் சிறிது தாண்டினாலும் அந்தப் பிரிவில் இறங்க முடியாது என்பதால், அதற்கு முந்தைய நாட்களில் சோற்றையும் தண்ணீரையும்கூட அளந்துதான் உட்கொள்வோம். அப்படிப் போட்டியிட்டு, இரவெல்லாம் ரயிலில் வந்து விடியலில் காட்பாடியில் இறங்கி, காலை வகுப்பில் உட்காரும் பிள்ளை தூங்கி வழிந்தால் அதைத் திமிர் என்று நினைக்காதீர்கள். விடுதியில் தங்கிப் பயிற்சி பெறும் பெண்களுக்கு மாலையில் வாயிற்கதவு அடைக்கும் நேரம் வேறு இருக்கிறது. பயிற்சி முடியும் நேரமும் அதுவும் ஒத்துவருவதே இல்லை.

தமிழ்நாட்டு அரசு வேலைகளில் சிறந்த விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு உள்ளது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிச் சான்றிதழை எங்கள் வீடுகளில் பத்திரப்படுத்தி வைப்பது பெரும்பாலும் இந்த வாய்ப்பை நம்பித்தான். ஆனால் பட்டதாரிகளுக்கான பணிக்கு விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது பட்டம். போட்டிக்காகத் தவறவிட்ட சோதனைகளால் செய்முறைத் தேர்விலும், தவறவிட்ட அக மதிப்பீட்டிலும் மதிப்பெண் குறைந்து அரியர் விழுந்துவிட்டால், அந்தச் சான்றிதழ் வாங்கித் தரவேண்டிய வேலை, அதே சான்றிதழுக்காக உழைத்ததாலேயே கைநழுவிப் போகிறது. இப்படிப் படிப்பை நடுவிலேயே விட்டவர்களை நான் அறிவேன்; அவர்களுள் சிலர் என்னைவிட நன்றாகத் தூக்கியவர்கள்.

விளையாடுகிறவர்களுக்குச் சும்மா மதிப்பெண் போடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அப்படி வாங்கும் மதிப்பெண்ணால் எங்களுக்கே நன்மையில்லை. ஓ.டி.யில் சென்ற மாணவருக்குத் திரும்பி வந்த இரண்டு வாரங்களுக்குள் மறுதேர்வு நடத்தவும், தவறிய ஆய்வகச் சோதனையை மற்றொரு பேட்சுடன் அமர்ந்து செய்யவும், பயிற்சி நாட்களில் விடுதி மாணவியர் பாதுகாப்பாகத் திரும்பி வர ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரவும் எழுத்தில் விதி செய்யுங்கள். உடற்கல்வி இயக்குநர் ஒவ்வொரு துறையாகப் போய் மாணவருக்காகக் கெஞ்சி நிற்கும் நிலையும் அப்போது மாறும். இதற்குப் பெரிய செலவில்லை; துறைக் கூட்டம் ஒன்றும் சுற்றறிக்கை ஒன்றும் போதும்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளின் கால அட்டவணை வருவதற்கு முன்பே அந்தச் சுற்றறிக்கை வெளிவந்தால், இவ்வாண்டு செல்லும் பிள்ளைகளுக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
வேலூரின் முன்னாள் கல்லூரி மாணவி, பளுதூக்கும் வீராங்கனை