நடை மட்டும் போதாது, வசந்தா

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி வந்து செம்பூர் வீடு கலகலப்பாக இருப்பதில் ரொம்ப சந்தோஷம். தினமும் ஒரு மணி நேரம் நடந்தும் சோபாவில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, லோக்கல் ரயிலில் கம்பியை இழுத்துத்தான் ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும்.

நடையை விடாதே, இதயத்துக்கு நல்லது. ஆனால் வயதானால் அதிகம் மெலிவது சட்டென்று விசை கொடுக்கும் தசை இழைகள். எழவும், படியேறவும், தடுக்கினால் சுதாரிக்கவும் அவைதான் வேண்டும். சமதரையில் நடக்கும்போது அவற்றுக்கு அதிகம் வேலையில்லை. பாரம் கொடுத்தால்தான் தேறும். வாரத்தில் 2 நாளாவது தசைப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-இல் சொல்லிவிட்டது.

இந்த வயதில் தசை தேறுமா என்று கேட்டிருந்தாய். தேறும். அமெரிக்காவில் டாக்டர் மரியா ஃபியாட்டரோன் சராசரி 90 வயதுள்ள முதியோருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்து, 1990-இல் முடிவை வெளியிட்டார். பயிற்சியை முடித்த 9 பேருக்குக் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. நமக்கு 67தான்!

முதலில் உன் நிலையைப் பார். கையை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுசாக எழுகிறாய் என்று எண்ணு. நம் வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து உண்டு.

பயிற்சியும் அதே நாற்காலியில்தான். மொசைக் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். கனமான மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. நுனிக்கு வந்து உட்கார்ந்து, பாதத்தை முட்டிக்குச் சற்றே பின்னால் இழுத்துக்கொள். மார்பை முன்னால் சாய்த்து, மூச்சை விட்டபடி எழு. உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்கு. நிறையப் பேர் இங்கேதான் பொத்தென்று விழுகிறார்கள். பாதிப் பலன் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. முட்டிகள் உள்பக்கம் மடியக்கூடாது. எழவே முடியாவிட்டால் இருக்கையில் தடித்த மெத்தை போட்டு உயர்த்திக்கொள். 8 முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி 8. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் எகிறும், ஜாக்கிரதை.

12 முறை சுலபமாக வந்துவிட்டால் கைக்கு ஒன்றாக 1 லிட்டர் தண்ணீர் பாட்டில், பிறகு 3 கிலோ அரிசியைப் பையில் கட்டி மார்போடு அணைத்துக்கொள். கடைசி இரண்டு முறை கஷ்டமாக இருக்கவேண்டும். அரைக் கிலோ டம்பெல்லை வருஷக்கணக்கில் ஆட்டிக்கொண்டிருப்பவர்களுக்குப் பலன் இல்லாமல் போவது எடையைக் கூட்டாததால்தான்.

இதோடு சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது, ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி முழங்கையைப் பின்னால் இழுப்பது. ஒவ்வொன்றும் 10 முறை, இரண்டு சுற்று. செவ்வாய், வெள்ளி வைத்துக்கொள்; நடுவில் தசைக்கு ஓய்வு வேண்டும். மறுநாள் தொடை கனத்து வலித்தால் பயப்படாதே, இரண்டு மூன்று நாளில் போகும். மூட்டு குத்தினாலோ வீங்கினாலோ எடையைக் குறை.

மருமகள் வாங்கித் தந்த சத்துமாவை மட்டும் நம்பாதே. 1994-இல் அதே டாக்டர் 100 பேரிடம் செய்த ஆய்வில், பயிற்சியில்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. ஆனால் பயிற்சி செய்கிறவளுக்குப் புரதம் கட்டாயம் வேண்டும்: உன் 55 கிலோவுக்கு நாளைக்கு 55 முதல் 65 கிராம். 100 கிராம் பனீரில் 18, ஒரு முட்டையில் 6. காலையில் வெறும் இட்லி சட்னி போதாது, பருப்பு சாம்பாரும் தயிரும் சேர்த்துக்கொள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்.

சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றில் செய்யாதே. முதுகெலும்பு தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரேயில் சொன்னார்களே, அதனால் குனிந்து பாரம் தூக்குவதைத் தவிர். தரையிலிருக்கும் பையை முதலில் ஸ்டூல் மேல் வைக்கச் சொல். நெஞ்சு அடைத்தால் உடனே நிறுத்தி டாக்டரிடம் போ.

30 விநாடிக் கணக்கு எவ்வளவு வந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கோமதி