மழைமானிப் பதிவேடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் விடைத்தாள் கட்டு கண்ணில் படும், அதோடு சரி. நேற்றுதான் கடைசித் தாளைத் திருத்தி முடித்தேன்.

சுற்றுச்சூழல் தின விழாவை இந்த முறை ஜூன் 5-ல் நடத்தவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அன்று நமக்கு விடுமுறை, விடுதி காலி. நாற்காலிகளை நிரப்ப அலுவலகத்திலிருந்து ஆள் பிடித்து வருவோம். தேதியை மாற்றச் சொன்னதே மாணவர்கள்தான். அமெரிக்காவில் 1970-ல் முதல் புவி நாளுக்கு ஏப்ரல் 22-ஐத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், அது வசந்த விடுமுறைக்கும் இறுதித் தேர்வுக்கும் நடுவில் வருகிறது, மாணவர்கள் வளாகத்தில் இருப்பார்கள் என்பது. அதை எடுத்துக்காட்டி மடக்கிவிட்டார்கள். நம்மிடம் பதில் இல்லை.

பேச்சுகளைச் சுருக்கிக்கொண்டோம். அதற்குப் பதிலாக, விழா முடிந்ததும் அன்று வளாகத்தில் சேர்ந்த குப்பை முழுவதையும் தார்ப்பாயில் கொட்டி, பிரித்து, எடை போட்டார்கள். முதல் சாக்கை அவிழ்த்ததும் பாதிப் பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நின்றவர்கள் மாலைவரை நின்றார்கள்.

கூத்து என்னவென்றால், ஒரு சாக்கு நிறைய காகிதக் குவளைகள். பிளாஸ்டிக் கூடாது என்று நானே தேர்ந்து வாங்கியவை. முதலாண்டுப் பையன் ஒருவன் ஒன்றைக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டான். கொஞ்ச நேரம் கழித்து, கூழான காகிதத்தை விரலால் வழித்துவிட்டு, உள்ளே ஒட்டியிருந்த சவ்வை மட்டும் உரித்து என் கையில் கொடுத்தான். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக, அத்தனையும் பாலித்தீன். ஈரம் கசியாமலிருக்கப் பூசுகிறார்கள் என்று வகுப்பில் நடத்தியவன் நான். வாங்கும்போது நினைவு வரவில்லையே! அந்தச் சவ்வு இன்னும் என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

துறைச் செய்தி ஒன்று. குளத்து நீரை நான்கு வருடம் வாரம் தவறாமல் அளந்தாளே ஒரு ஆய்வு மாணவி, அவளுடைய வைவா, அதான் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு, முடிந்தது. "வெறும் அளவுதானே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?" என்று வழக்கம்போல் ஒருவர் கேட்டார். நான் குறுக்கே புகுந்தேன். கூடாதுதான், பொறுக்கவில்லை. 1958-ல் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்துக்கு 313 பங்கு இருந்தது, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. 1964-ல் நிதி வெட்டால் சில மாதம் அளவீடே நின்றுபோனது. அந்த இடைவெளியை இனி யார் நிரப்ப முடியும்? அவர் 2005-ல் இறந்த பிறகு மகன் ரால்ஃப் தொடர்ந்து அளந்து வருகிறார். சலிப்பான வேலைதான், ஆனால் அந்த அளவுகள் வரைந்து காட்டும் வளைகோடு இல்லாமல் இன்று நாம் என்னத்தைப் பேசியிருப்போம்? கேள்வி கேட்டவர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம், உனக்கு எழுத முக்கியக் காரணம் இதுதான். ஆய்வகப் பரணைச் சுத்தம் செய்தபோது நம் பழைய மழைமானிப் பதிவேடு கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, எண்கள் தப்பித்துவிட்டன. குளத்து நீர்மட்டத்தோடு ஒப்பிடலாம் என்று அந்தப் பெண் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கணினியில் ஏற்றுகிறாள். நேற்று வந்து, "சார், இந்தக் கையெழுத்தில் மட்டும் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் சுழி. ஒரு மழைக்காலம் முழுக்க ஞாயிறன்று மழையே பெய்யவில்லையா?" என்று கேட்டாள்.

உன் கையெழுத்துதான். நான் வாயைத் திறக்கவில்லை. மழை பெய்யவில்லையா, நீ எழுந்திருக்கவில்லையா என்று உண்மையைச் சொல்லி ஒரு வரி எழுதிவிடு. எழுந்திருக்கவில்லை என்றால் அந்த வரிகளை வெற்றிடமாக விட்டுவிடுவாளாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்