அம்மன் வெள்ளிக் கவசமும் விமானக் கலசங்களும்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மன் கவசம் புதிதாகச் செய்யும் வேலையும், விமானக் கலசங்கள் மூன்றுக்கும் பொன்முலாம் பூசும் வேலையும் நிறைவடைந்தன. பணக் கணக்கைத் தனித்தாளில் தந்திருக்கிறோம். இது உலோகக் கணக்கு. கோயில் வேலையில் சந்தேகம் முளைப்பது பெரும்பாலும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். இப்படி எழுத முடிவதற்கு இந்த வேலையைச் செய்த பொற்கொல்லர், நம் பத்தர் ஐயாவே காரணம். உருக்குமுன், உருக்கியபின், தகடாக்கியபின், பற்றவைத்தபின் என்று ஒவ்வொரு கட்டத்திலும் உறுப்பினர் இருவர் முன்னிலையில் நிறுத்து, கையெழுத்தான பிறகே அடுத்த வேலையைத் தொட்டார்.

பழைய கவசம் 6 கிலோ 240 கிராம். பதிவேட்டில் அத்தனையும் வெள்ளி என்றே இருந்தது. உள்ளே நிரப்பிய அரக்கு, செப்பு ஆணிகள், கற்கள் எல்லாம் கழற்றியபின் 5 கிலோ 910 கிராம்தான் தேறியது. சுத்திகரித்ததில் கிடைத்த சுத்த வெள்ளி 5 கிலோ 320 கிராம். உறுப்பினர்கள் தந்த கொலுசு, தம்ளர், விளக்கு 3 கிலோ 400 கிராம். அதில் சுத்தம் 2 கிலோ 380 கிராம். தந்த வெள்ளி குறைந்துவிட்டதே என்று சிலர் வருந்தினார்கள். பழைய கொலுசில் செம்பும் பித்தளைப் பொடியும் கணிசமாகக் கலந்திருக்கும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, செப்புத் தகட்டைப் போட்டு வெள்ளியைத் தூளாகப் படியவைத்து, கழுவி உருக்கும்போது அந்தக் கலப்பு விலகிவிடும்.

ஆக, சுத்த வெள்ளி 7 கிலோ 700 கிராம். இதனுடன் 624 கிராம் செம்பு சேர்த்து 92.5 மாற்றாக்கினோம், அதாவது நூறு பங்கில் 92.5 பங்கு வெள்ளி. சுத்த வெள்ளியிலேயே செய்யலாமே என்று கூட்டத்தில் கேட்கப்பட்டது. அது மிகவும் மென்மையானது. கழற்றி மாட்டுகிற கவசத்தில் கீல் பக்கம் வளைந்துவிடும். உருக்கும்போது கரித்தூளும் வெங்காரமும் போட்டு மூடினார். மூடாவிட்டால் உருகிய வெள்ளி காற்றிலுள்ள ஆக்ஸிஜனை இழுத்து வைத்துக்கொண்டு, இறுகும்போது கக்கித் தெறிக்கும். தகட்டில் ஊசித்துளை விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தகட்டின் கனம் அரை மில்லிமீட்டர். சதுர அடிக்குச் சுமார் 480 கிராம். மூலவரைத் தொட்டு அளவெடுத்துத் தந்தவர் குருக்கள். எண்ணெய்க் காப்புக்காக 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மரமாதிரி செய்தோம். தகட்டை அடித்து உருவம் எழுப்பும் நகாசு வேலைக்குக் குங்கிலியமும் செங்கல் பொடியும் எண்ணெயும் காய்ச்சிய அரக்கின் மேல் தகட்டைப் பதித்தார்கள். அடிக்க அடிக்க வெள்ளி இறுகும். மங்கிய சிவப்பு ஏறும்வரை காய்ச்சித் தணித்து, மறுபடி அடிக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தள்ளிப்போட்டால் மூக்கு நுனி, விரல் இடுக்கு போன்ற எடுப்பான இடங்களில் வெடிப்பு விடும்.

பழைய கவசம் விட்டுப்போனது பற்றவைப்பில்தான். அதில் துத்தநாகம் மிகுந்த பற்றுப்பொடி வைத்திருந்தார்கள். தயிர், எலுமிச்சை, பஞ்சாமிர்தப் புளிப்பு பட்டுப்பட்டுத் துத்தநாகம் அரித்துப்போய், பற்றவைத்த சந்து துளைபட்டு நின்றது. இம்முறை பொடியை நம் வெள்ளியிலேயே 12 கிராம் பித்தளை மட்டும் சேர்த்துச் செய்தார்.

மொத்தம் 8 கிலோ 336 கிராம். அதில் கவசம் 8 கிலோ 24 கிராம், மீந்த கட்டி 268 கிராம், சேதாரம் 44 கிராம். பட்டறைத் தரையைப் பெருக்கி, அரம் போட்ட தூளையும் சேர்த்து உருக்கியதால்தான் சேதாரம் இவ்வளவில் நின்றது.

கலசங்களுக்கு வருவோம். மூன்றின் பரப்பும் சேர்ந்து 20 சதுர அடி. ஒரு சதுர அடியில் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குத் தங்கம் 1.8 கிராம் பிடிக்கும். 2 மைக்ரானுக்கு 72 கிராம். பாதரசம் கலந்து பூசும் பழைய முறைக்குப் பத்தர் ஒப்பவில்லை. ரசப்புகை வேலை செய்பவரின் நரம்பைத் தின்றுவிடும். மின்முலாம்தான் பூசினோம். செம்பின் மேல் நேரே பூசினால் செம்பு மெல்ல மேலேறி நிறம் கறுக்கும் என்பதால் அடியில் நிக்கல் கொடுத்தோம். எக்ஸ் கதிர்க் கருவியில் அளந்தபோது ஒரு கலசத்தின் கழுத்துப் பள்ளத்தில் 1.1 மைக்ரான்தான் இருந்தது. மின்னோட்டம் விளிம்பை நாடும், பள்ளத்தில் குறையும். கழுத்துக்கு மட்டும் துணைத் தகடு வைத்து மறுபடி பூசியதில் 4 கிராம் கூடியது. நீங்கள் தந்த 916 தங்கம் 83 கிராமிலிருந்து கிடைத்த சுத்தத் தங்கம் 76 கிராமும் இதற்கே சரியாகிவிட்டது.

பத்தர் ஐயா செய்கூலி ஒரு காசும் வாங்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறையில் உட்காருபவர். ஏழைக் குடும்பத்துத் தாலி வேலைக்கும் கூலி கேட்டதில்லை. சுற்றுவட்டாரக் கோயில்களுக்கு ஆண்டுதோறும் போய் நகைகளை உரைகல்லில் உரைத்து, எடை பார்த்துப் பதிவேட்டைத் திருத்தித் தருகிறார். இந்த வேலையில் இரண்டு இளைஞர்களைக் கூடவே வைத்து நகாசு பழக்கினார். அவர்கள் கூலியை மட்டும் குழு கொடுத்தது. நம் பதிவேட்டிலும் இனி அரக்கு, கல், உலோகம் மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி உண்டு.

கவசத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் வெள்ளி தேயும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி, முழுக்க உலர்ந்தபின் வையுங்கள். அபிஷேகத்துக்குமுன் கழற்றியே ஆக வேண்டும். கழற்றும்போது முதலில் திருகுகளைத் தளர்த்துங்கள். விளிம்பைப் பிடித்து இழுத்தால் கீல் விட்டுப்போகும்.

மீந்த 268 கிராம் கட்டி முத்திரையிட்டுப் பெட்டகத்தில் இருக்கிறது. நாளை ஒட்டுத் தகடோ பொடியோ வேண்டுமானால் இதிலிருந்தே எடுக்க வேண்டும். வெளி வெள்ளி சேர்த்தால் மாற்று வேறுபட்டு, ஒட்டிய இடம் தனியாகத் தெரியும்.