சார்ட்டு கெடச்சுது மக்களே, இனி அப்பா சொல்லுகத கேளு

மக்களே,

எத எவ்ளோ திங்கணும்னு உள்ள அந்த புக்கு, நீ வாட்ஸப்ல அனுப்புன பிடிஎஃப்ப மார்த்தாண்டத்துல கொண்டு போய் பிரிண்ட் எடுத்தாச்சு, முழுசும் எடுக்கல, பக்கம் ரொம்ப இருக்கு, வேண்டியத மட்டும் எடுத்தேன். எனக்கு சுகர் கொறைக்க நீ கையால எழுதி போட்டோ எடுத்து அனுப்புன சாப்பாட்டு சார்ட்ட அம்மை ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா. ஒட்டுனதோட அவ வேல முடிஞ்சுது, பாக்கது எல்லாம் நாந்தான். போன்ல பேசலாம்னா நீ டாக்டர் கணக்கா அப்பாவுக்கு சுகர் எவ்ளோன்னு ஆரம்பிப்ப, அம்மை உன் பொடியன் சாப்பிட்டானான்னு இடையில கேறுவா, எனக்கு நாலு வார்த்த முழுசா பேச முடியாது, அதான் இருந்து எழுதுகேன்.

மொதல்ல இந்த ஹெச்பிஏ1சி விஷயம், அதான் மூணு மாச சுகரோட சராசரிய காட்டுற ரத்த டெஸ்ட்டு. எனக்கு 6.2ன்னு வந்தத கேட்டுட்டு நீ அன்னைக்கு ராத்திரி உறங்கலன்னு மாப்பிள்ளை சொன்னாரு. 5.7ல இருந்து 6.4 வர சுகர் வாறதுக்கு முந்தின கட்டம், 6.5 ஆனாத்தான் சுகர், இப்ப மருந்து வேண்டாம், நடங்க, சோத்த கொறைங்கன்னு டாக்டர் சொல்லி விட்டாரு. நடக்கேன். மழ விட்ட நேரம் பாத்து ரப்பர் தோட்டம் வழியா போயிட்டு வாறேன். சோறும் கொறச்சாச்சு. அது எப்பிடின்னு உனக்கு சொல்லணும், ஏன்னா உன் சார்ட்டுல உள்ளபடி இல்ல.

அந்த புக்கு நல்ல புக்குதான், குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. 2024ல ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் காரங்க போட்டது, தட்டுல பாதி காய்கறியும் பழமும் இருக்கணும், அரிசி கோதம்பு மாதிரி தானியத்துல இருந்து வாற சக்தி 45 சதவீதத்துக்கு மேல போகப்பிடாது, உப்பு ஒரு நாளைக்கு அஞ்சு கிராமுக்குள்ள. எல்லாம் செரி. அத போட்ட தேசிய ஊட்டச்சத்து இன்ஸ்டிடியூட்டு உங்க ஐதராபாத்துலதான் இருக்கு, தார்நாக்காவுல, நீ பஸ்ல போவும்போ பாத்திருப்ப. ஆனா அது மொதல்ல தொடங்குனது 1918ல நம்ம குன்னூர்ல தெரியுமா, மெக்காரிசன்னு ஒரு வெள்ளக்கார டாக்டர், பெரிபெரின்னு ஒரு நோய ஆராய ஒரே ஒரு ரூம்ல தொடங்குனாரு, 1958லதான் ஐதராபாத்துக்கு போச்சு. அந்த பெரிபெரி ஏன் வருதுன்னா அரிசிய மெஷின்ல போட்டு தவிடெல்லாம் போக்கி வெள்ளவெளேர்னு தீட்டி அத மட்டுமே திங்கதுனால, பி1 விட்டமின் தவிட்டோட போயிரும். புழுங்கல் அரிசின்னா நெல்ல அவிக்கும்போ அந்த சத்து உமியில தவிட்டுல இருந்து உள்ள எறங்கி அரிசியில பிடிச்சுக்கும், அதனால தீட்டுனாலும் முழுசா போகாது. நம்ம சம்பா புழுங்கல் அரிசி கஞ்சிய பட்டிக்காட்டு சாப்பாடுன்னு உன் ஹாஸ்டல் பிரண்டு சிரிச்சான்னு அன்னைக்கு வந்து அழுத இல்ல, அந்த கஞ்சிதான்.

அதுக்காக சம்பா அரிசின்னா எவ்ளோ வேணாலும் திங்கலாம்னு நான் சொல்லல கேட்டியா. அரிசி அரிசிதான், சுகர் ஏத்தும். இப்ப வீட்டுல என்ன பண்ணுகோம்னா, தட்டுல மொதல்ல தொவரனும் (தேங்கா போட்ட பொரியல்தான்) மீனும் வைக்கா அம்மை, சோறு இல்ல. அதுல கொஞ்சம் தின்ன பொறவுதான் சோறு, அதும் ஒரு தவி, ஒரே ஒரு கரண்டி. காய்கறியும் மீனும் பயறும் முன்னாடி உள்ள போச்சுன்னா சோத்துல உள்ள சுகர் ரத்தத்துல மெதுவா ஏறும்னு டாக்டரும் சொன்னாரு. மொதல்ல எனக்கு ஒரு மாதிரி இருந்துது, வெறும் தொவரன எப்பிடி திங்கன்னு. இப்ப என்னன்னா தொவரனோட ருசியே இப்பத்தான் தெரியுது, இத்தன காலம் சோத்துல கொழச்சு அடிச்சதுல எது வாழக்கூம்பு (வாழப்பூ) எது சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை)ன்னே நாக்குக்கு தெரியல.

உன் ஓட்ஸ் பாக்கெட்ட பத்தி கேட்டா அம்மை ஒண்ணும் சொல்ல மாட்டா, நான் சொல்லுகேன். ஒரு தடவ காச்சினா, உப்பு போட்டா, பின்ன சீனி இல்லாம பால் ஊத்தி பாத்தா, கடைசியில பக்கத்து வீட்டு கோழிக்கு போச்சு. நல்ல சாதனமா இருக்கலாம், நான் இல்லன்னு சொல்லல, ஆனா மூஞ்சிய சுளிச்சிட்டு திங்கற சாப்பாடு ஒரு வாரத்துக்கு மேல நிக்காது மக்களே, அது எந்த புக்குல இருந்தாலும் செரி.

மரச்சீனிய, அதான் மரவள்ளிக்கிழங்க, சார்ட்டுல சிவப்பு மையால வெட்டி விட்டிருக்க. அதுலதான் எனக்கு கொஞ்சம் சங்கடம். 1942ல பர்மாவ ஜப்பான்காரன் பிடிச்ச பொறவு அங்க இருந்து வந்திட்டிருந்த அரிசி நின்னு போச்சு, அன்னைக்கு நம்ம ஊரு திருவிதாங்கூர்லதானே இருந்துது, 1956லதானே தமிழ்நாட்டோட சேர்ந்தோம், அந்த பஞ்சத்துல திருவிதாங்கூர் பூரா உயிர் பிடிச்சு கிடந்தது இந்த கிழங்க தின்னுதான். உன் பாட்டி அந்த கதைய சொல்லாத நாள் கிடையாது, அவளுக்கு அரிசிச்சோறு பண்டிகைக்கு உள்ளது. அதனால அத முழுசா விட முடியாது. ஆனா கிழங்கு பூரா மாவுச்சத்துதான், அது எனக்கும் தெரியும், அதனால இப்ப கிழங்கு அவிச்சா அன்னைக்கு சோறு இல்ல, ரெண்டும் சேத்து வைக்கிற பழைய வழக்கத்த நிறுத்தியாச்சு. ஒரு கொச்சு கிண்ணம் கிழங்கு, கூட மீன்கறி நெறைய. இன்னொரு விஷயம், நீ அங்க மார்க்கெட்ல கிழங்கு வாங்குனா திறந்த பாத்திரத்துல நெறைய வெள்ளம் வச்சு அவிச்சு அந்த வெள்ளத்த வடிச்சு களைஞ்சிரணும், குக்கர்ல அடச்சு வச்சு அப்பிடியே மசிக்காத. கிழங்குல சயனைடு வாற ஒரு பொருள் இயல்பாவே உண்டு, கசப்பு கிழங்குல அது கூடுதல், அவிச்சு வடிச்சா பெரும்பாலும் போயிரும். நம்ம பாட்டிமாருக்கு பேரு தெரியாது, வடிக்க தெரியும்.

இனி மீன். இத நான் நிதானமா எழுதப்போறேன், நீ வேணும்னா தாண்டி படிச்சுக்கோ. இப்ப நம்ம பக்கம் தடைக்காலம், ஜூன் ஒண்ணுல இருந்து ஜூலை 31 வர விசைப்படகு போகாது, வள்ளக்காரங்க மட்டும் போறாங்க, அதும் கடல் சீறி கிடந்தா அவங்களும் இல்ல. அதனால வெல கேக்கவே பயமா இருக்கு. ஆனாலும் தேங்காப்பட்டணத்துல இருந்து பைக்ல வாற மீன்காரர் சாளை, அதான் மத்தி மீன், கொண்டு வந்தா நான் விடுகது இல்ல. பெரிய மீனுக்கு ஆசப்பட்டு நெய்மீனுக்கு (வஞ்சிரம்) துட்ட கொடுக்கத விட சாளை எவ்ளவோ மேல், ஒமேகா 3 கொழுப்பு இதுல நல்லா இருக்கு, முள்ளோட சேத்து மென்னா கால்சியமும் கெடைக்கும். பொரிக்காதேன்னு நீ சொன்ன, பொரிக்கல, அவியல் வைக்கோம். நீ கேப்ப எப்பிடின்னு, அம்மை சொல்லச்சொல்ல எழுதுகேன். தேங்கா, பச்சமொளகு, சீரகம், நாலு உள்ளி, மஞ்சப்பொடி, எல்லாத்தையும் நைசா ஆக்காம கொரகொரன்னு அரச்சு எடுக்கணும். மண்சட்டியில சுத்தம் பண்ணுன சாளை, புளிப்பு மாங்கா கீறுனது, ரெண்டு முருங்கக்கா துண்டு, அரச்ச தேங்கா, உப்பு, கறிவேப்பில, கையளவு வெள்ளம். மூடி வச்சு தீய கொறச்சு வேக விடு. கரண்டி போட்டு கிண்டுனா மீன் ஒடஞ்சிரும், சட்டிய பிடிச்சு ஒரு சுத்து சுத்தி விட்டா போதும். எறக்கும்போ ஒரு ஸ்பூன் தேங்கெண்ண மேல. ஒரு ஸ்பூன்னா ஒரு ஸ்பூன், அம்மை கை சாஞ்சா நான் பாத்துக்கிட்டே நிப்பேன். தேங்கெண்ணையில நூத்துக்கு தொண்ணூறு பங்குக்கு கிட்ட சாச்சுரேட்டட் கொழுப்புன்னு நீ சொன்னது செரிதான், அதனால தாளிச்சு ஊத்துகத விட்டுட்டு மணத்துக்கு மட்டும் மேல விடுகோம். தேங்காயும் பழைய மாதிரி ஒரு கறிக்கு ஒரு முறி (அர தேங்கா) இல்ல, ஒரு முறிய ரெண்டு கறிக்கு வச்சு ஒப்பேத்துகா. ஆனா தேங்கா இல்லாத தீயல் (தேங்காய வறுத்தரச்சு வைக்கிற புளிக்குழம்பு) வையின்னு மட்டும் அவகிட்ட போய் சொல்லிராத, நான் சண்ட பிடிக்க ஆள் இல்ல.

காய்கறிக்கு நமக்கு கஷ்டம் இல்ல. மழையில முருங்க நல்லா தழச்சிருக்கு, தோட்டத்துல சேனையும் சேம்பும், வாழ குலச்சா கூம்பு. கூம்பு நறுக்கும்போ கையில எண்ண தேச்சுக்கோ, இல்லன்னா கறை ரெண்டு நாளைக்கு போகாது. செறுபயறு (பாசிப்பயறு) பாதி வேக்காடுல சேத்து தொவரன் வச்சா பயறுல புரோட்டீனும் ஆச்சு. பழத்துக்கு சாயந்திரம் ஒரு மட்டி வாழப்பழம், கொச்சு பழம்தானே, ஒண்ணோட நிறுத்திக்குவேன். 2023ல அதுக்கு புவிசார் குறியீடு கெடச்ச பொறவு கடைக்காரன் வெலய ஏத்தி வச்சிருக்கான், நம்ம வீட்டு பின்னால காய்க்கிற சாதனத்துக்கு இத்தன பெருமையான்னு அம்மைக்கு ஆச்சரியம்.

இப்ப உன் வீட்டுக்கு வாறேன், கோவப்படாத. எனக்கு சார்ட்டு எழுதுக நீ ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல பிரியாணி ஆர்டர் போட்டு திங்க. மாப்பிள்ளை ஆபீஸ்ல இருந்து வாறதுக்கு நேரம் ஆகும், உனக்கும் வேல, எனக்கு தெரியும், குத்தமா சொல்லல. மூணு நேரமும் சமைக்கணும்னும் சொல்லல. ஒரு நேரம், அது காலையிலன்னாலும் ராத்திரியிலன்னாலும் செரி, மூணு பேரும் ஒண்ணா இருந்து வீட்டு சாப்பாடு சாப்பிடுங்க, பொடியன் கையில போன் இல்லாம. அவன் வீடியோ பாத்துட்டே வாய தெறக்கான், என்ன தின்னான்னு கேட்டா அவனுக்கே தெரியல, போன தடவ வந்தப்ப நான் பாத்தேன். இங்க இருந்தப்ப அவன முருங்க இல உருவ விட்டேன் நினைவிருக்கா, தர பூரா கொட்டிட்டான், அம்மை ஏசினா, ஆனா அன்னைக்கு அந்த தொவரன அவன்தான் மொதல்ல கேட்டு வாங்கி தின்னான். நீயும் அவனுக்கு ஏதாவது வேல கொடு, பட்டாணி உரிக்கட்டு, மாவுல கை வைக்கட்டு, அடுக்கள கொஞ்சம் நாறித்தான் போவும். மாப்பிள்ளை கிட்டயும் சொல்லு, நான் ரிட்டயர்டு ஆன பொறவுதான் மீன் சுத்தம் பண்ண பழகினேன், அவரு இப்பவே பழகிட்டா நல்லது.

நம்ம சாதனம் அங்க கெடைக்கலன்னு சாக்கு சொல்லாத. மெஹதிப்பட்டணத்துல ரைத்து பஜார் இருக்குன்னு நீதானே சொன்ன, விவசாயியே நேரா கொண்டு வந்து விக்க 1999ல அன்னைக்கு உள்ள ஆந்திரா சர்க்கார் தொடங்குனது, ஞாயித்துக்கிழம போய் வாரத்துக்கு உள்ளத வாங்கி போடு. கோங்கூரா அங்க எப்பவும் கெடைக்கும், நம்ம புளிச்சக்கீரதான், உன் எதுத்த வீட்டு அம்மா வைக்கிற பப்பு மாதிரி பருப்போட வச்சா ஒரே குக்கர்ல வேல முடிஞ்சுது. அவங்ககிட்ட கேட்டு பழகு, அவங்களுக்கு நம்ம தீயல் ஒரு கிண்ணம் கொடு. அப்புறம் உனக்கு ஹீமோகுளோபின் 12க்கு கீழன்னு போன தடவ சொன்ன, அதுக்கு கீரை, பயறு எல்லாம் தின்னுட்டு கையோட சாயா குடிச்சா பிரயோஜனம் இல்ல, சாயாவுல உள்ள டானின் இரும்புச்சத்த உடம்புல சேர விடாது, ஒரு மணி நேரமாவது கழியட்டு. கீரைக்கு மேல கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோ, அது சேர உதவும்.

ஓணத்துக்கு வாறோம்னு சொன்னியே, சபரி எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டாச்சா? லேட் பண்ணுனா வெயிட்டிங் லிஸ்ட்தான். அதுக்குள்ள தடைக்காலம் முடிஞ்சு விசைப்படகு எல்லாம் கடல்ல எறங்கியிருக்கும், வெல எறங்கும், மாப்பிள்ளைக்கு முள்ளு கொறஞ்ச மீன்தானே பிடிக்கும், பாற வாங்குவோம். பொடியனுக்கு சாளையில முள்ளு எடுக்க நான் படிச்சு கொடுக்கேன். வரும்போ கோங்கூரா ஊறுகா ஒரு பாட்டில் கொண்டு வா, உப்பு கொறஞ்சதா பாத்து, அம்மை கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத.

அன்போட,
அப்பா