வாடகைக் கணக்கு பார்க்கிறவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்கப் பள்ளிகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: 'சார்ட்டர் பள்ளி என்று தனியார் கடை விரிக்கிறார்கள், அவர்களுக்குக் கட்டட வாடகையைக்கூட அரசே கட்டிவிடுகிறது.' கலிஃபோர்னியாவில் அப்படியொரு பள்ளியின் அலுவலகத்தில் வாடகைக் கணக்கு பார்ப்பதுதான் என் பிழைப்பு. அப்படியானால் மாதாமாதம் நான் எழுதுகிற காசோலை எதற்கு என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொன்னால் நன்றாயிருக்கும்.

உங்களுக்குத் தெரியாததில்லை. சார்ட்டர் பள்ளி என்றால் அரசுப் பணத்தில் தனிக் குழு நடத்துகிற பொதுப் பள்ளி. கலிஃபோர்னியாவில் 1992 முதல் இதற்குச் சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்கக் கூடாது. இடத்துக்கு மேல் ஆள் வந்தால் குலுக்கல்தான், சிபாரிசு கிடையாது. 2019 முதல் லாப நோக்குள்ள நிறுவனங்கள் இவற்றை நடத்தவே முடியாது. இதைத்தான் தனியார் கடை என்கிறது உங்கள் பத்திரிகை. ஆனால் கட்டடம் என்று வரும்போது, பந்தியில் உட்காரச் சொல்லிவிட்டு இலையை வெளியே வாங்கி வா என்கிற கதை. வட்டாரப் பள்ளி நிர்வாகம் நடத்துகிற சாதாரண அரசுப் பள்ளிகளுக்குக் கட்டடம் வேண்டுமென்றால் மக்களிடம் ஓட்டு கேட்டு பாண்டு (கடன் பத்திரம்) போடலாம், சொத்து வரியிலிருந்து அந்தக் கடன் அடையும். எங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரம் இல்லை.

2000-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 39-வது பிரேரணைப்படி, தன் எல்லைக்குள்ளிருந்து குறைந்தது 80 பிள்ளைகள் படிக்கும் சார்ட்டர் பள்ளிக்கு வட்டாரப் பள்ளி நிர்வாகம் இடம் தரவேண்டும். நவம்பர் 1-க்குள் எழுதிக் கேட்க வேண்டும், ஏப்ரலில் பதில் வரும், அதுவும் ஒரு வருடத்துக்குத்தான். எங்களுக்கு ஒருமுறை கொடுத்த அறைகள் இரண்டு வேறு வளாகங்களில் இருந்தன. அக்காவை ஓரிடத்திலும் தம்பியை இன்னோரிடத்திலும் விட்டுவிட்டு, பழத்தோட்ட வேலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவாள் அந்த அம்மா? வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு சர்ச்சில் வாடகைக்கு இருக்கிறோம்.

வெள்ளிக்கிழமை மதியம் அங்கே வந்து பாருங்கள். சுவரில் ஒட்டிய வாய்ப்பாடு, பிள்ளைகள் வரைந்த படம், எல்லாவற்றையும் உரித்து எடுத்து அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். சனிக்கிழமை கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. திங்கட்கிழமை காலை ஆசிரியைகள் முதலில் எடுப்பது துடைப்பம், அப்புறம்தான் பாடம். வார நாளில் சவ அடக்கம் வந்துவிட்டால் முதல் வகுப்புக் குழந்தைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். விளையாட்டு மைதானம் என்பது கார் நிறுத்துமிடம். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுடையது.

சரி, உதவிக்கு வருவோம். மாநில அரசு ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கு வாடகை மானியம் தருவது உண்மை. 2001-ல் வந்த சட்டம். பள்ளியில் 55 சதவீதப் பிள்ளைகளாவது இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதியுள்ள குடும்பமாக இருக்க வேண்டும் (முன்பு இது 70). அல்லது பள்ளி அப்படிப்பட்ட பகுதியில் இருந்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரவேண்டும். கிடைப்பது வாடகையில் முக்கால் பங்கு, அல்லது தலைக்கு இவ்வளவு என்ற தொகை, இரண்டில் எது குறைவோ அது. அந்த 'எது குறைவோ' கட்டுரையாளர் கண்ணில் படவில்லை போலும். 2017-18-ல் தலைக்கு 1,117 டாலர். தினசரி வருகைச் சராசரி 200 பிள்ளைகள், வருட வாடகை 4,00,000 டாலர் என்று வையுங்கள். முக்கால் பங்கு 3,00,000. கைக்கு வருவது 2,23,400. மீதி 1,76,600 எங்கிருந்து வரும்? வகுப்பறைக்கு வைத்த பணத்திலிருந்துதான். அதற்கு இரண்டு ஆசிரியைகளை வைத்துக்கொள்ளலாம். வருகைச் சராசரி என்பதால், ஜுரம் வந்து பிள்ளைகள் வீட்டில் படுத்தால் மானியமும் குறையும். மொத்த ஒதுக்கீடு போதவில்லையென்றால் எல்லோருக்கும் விகிதப்படி வெட்டு. வருவதும் தவணை தவணையாகத்தான். இடத்துக்குச் சொந்தக்காரருக்குத் தவணை கிடையாது, முதல் தேதி என்றால் முதல் தேதி.

இன்னொரு கூத்து. 2022-23 முதல் கலிஃபோர்னியாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் சாப்பாடு இலவசம். நல்ல காரியம். ஆனால் வருமானப் படிவத்தை நிரப்பித் தர இனி யாருக்கு அக்கறை? எங்கள் 55 சதவீதம் அந்தப் படிவத்தையும் நம்பித்தான் இருக்கிறது. வாசலில் நின்று ஒவ்வொரு தாயிடமும் கெஞ்சுகிறேன். பாதிப்பேருக்குப் பயம், இந்தத் தாள் வேறெந்த அலுவலகத்துக்குப் போகுமோ என்று. அவர்கள் பயப்படுவதில் தப்பில்லை.

ஊழல் இல்லையா என்றால், இருக்கிறது. தனக்கே சொந்தமான கட்டடத்தைத் தன் பள்ளிக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பவர்களைக் கட்டுரை திட்டியதில் எனக்கு முழுச் சம்மதம். ஆனால் 2019-ல் சான் டியேகோவில் வெடித்த, ஏ3 என்ற சார்ட்டர் நிறுவனத்தின் மோசடி ஆன்லைன் பள்ளிகளில் நடந்தது. வகுப்பறையில் நடக்காத பள்ளிக்கு இந்த வாடகை மானியமே கிடையாது. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுப் பிசைந்துவிட்டீர்கள்.

உங்களைச் சொல்லி என்ன, அமெரிக்கா என்றாலே உங்கள் பத்திரிகைக்கு மென்பொருள்காரர்கள் குடியிருக்கும் கூப்பர்டினோவும் ஃப்ரீமான்ட்டும்தான். எந்தப் பள்ளிக்கு எத்தனை மதிப்பெண், பக்கத்தில் வீடு என்ன விலை என்று முன்பு நாலு பக்கம் போட்டீர்கள். நம் ஆட்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடினார்கள். தீபாவளி மலரில் வருடா வருடம் அதே மென்பொருள் தம்பதி, அதே கொலு. விவசாயப் பகுதியான எங்கள் சென்ட்ரல் பள்ளத்தாக்கில் தமிழர் இல்லையா என்று அப்போதே எழுதினேன். கடிதத்தின் முதல் வரியும் கடைசி வரியும் அச்சாகின. தமிழ்ச் சங்க விழாவில் ஒரு அம்மா என்னிடம், 'ஐயோ, அந்த ஸ்கூலிலா வேலை?' என்று கேட்டார். அவரும் உங்கள் சந்தாதாரர்தான்.

நான் கேட்பது இரண்டே வரித் திருத்தம். அந்தப் பள்ளிகளில் கட்டணம் கிடையாது. மானியம் வாடகையில் அதிகபட்சம் முக்கால் பங்குதான். கட்டுரை வந்த பக்கத்திலேயே போடுங்கள், குறுக்கெழுத்து விடைக்குக் கீழே வேண்டாம். கடிதம் நீளம் என்றால் தீபாவளி மலர் பத்தியை எடுத்துவிடுங்கள். கணக்கில் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர், ஸ்டாக்டன், கலிஃபோர்னியா
(வேலை பார்க்கிற இடம் என்பதால் பெயர் வேண்டாம்)